அரிசி ஆலையின் இரண்டு முதலாளிமார்

இன்று கல்முனை பஸ்ஸில் ரஹீமைக் கண்டேன். எண்பதுகளில் அக்கரைப்பற்று அரிசி ஆலை ஒன்றில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம்.

காக்காவும் தம்பியுமாக, உடன்பிறந்த அண்ணன் தம்பி இருவர் அந்த ஆலைக்கு முதலாளிமார். பெரியவரைக் கேட்காமல் எஞ்சினில் யாரும் கை வைக்கக்கூடாது. சின்னவரோ, "ஆபத்தெண்டா ஆரும் நிப்பாட்டலாம்" என்பார்.

ஒருநாள் ரஹீம் உடுத்திருந்த சாரம் எஞ்சின் பெல்ட்டில் சிக்கிக் காலையும் சேர்த்து இழுத்தது. நான் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன்.

"ஆரக் கேட்டு நிப்பாட்டின நீ?" என்று பெரியவர் கத்திக்கொண்டு வந்தார். இரத்தத்தைக் கண்டதும், ரஹீமைத் தானே தூக்கிக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் அவன் கட்டிலடியிலேயே இருந்தார்.

சின்னவர் அன்று பின்னேரமே பெல்ட்டைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

"சின்னவர்தான் நல்ல முதலாளி, மச்சான். அவர்ட சொல்லாலதானே உன்ட கால் தப்பினது" என்றேன் இன்று.

"ஓம், மெய்தான். ஆனா நான் கண் முழிக்கக்குள்ள பக்கத்துல இருந்தது பெரியவர்" என்றான் ரஹீம்.

அவனுடைய கடைசி மகனுக்குப் பெரியவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறானாம்.

நீங்கள் என்றால் யாரிடம் வேலைக்குப் போயிருப்பீர்கள்?