தனபாக்கியம் தேர்ந்த பிரஸ்

துப்பாக்கிச் சாமான் விற்கிற கடைக்குள் தனபாக்கியம் அதுவரை கால் வைத்ததில்லை. கணவர் கோபாலசாமியைத் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அதை அவரிடம் சொல்ல முடியுமா? "எனக்கும் வீட்டுல பொழுது போகலீங்க, நானும் வாரனுங்க" என்று காரில் ஏறிக்கொண்டாள். மகன் கவின் ஓட்டினான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கோபாலசாமி மளிகைக் கடைக்குப் போனார். கொத்தமல்லியும் தயிரும் வாங்கியவர், காரை அங்கேயே விட்டுவிட்டு, பிளானோ ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து வீடு வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"காரு எங்கீங்க?"

"கராஜுல நிக்குது. வேற எங்க நிக்கும்?"

கவினிடம் சொன்னாள். "எனக்கே பார்க்கிங்ல கார் எங்கன்னு மறந்துடுதும்மா. நார்மல்தான்" என்று சிரித்தான். டாக்டரிடம் காட்டலாம் என்றாள். அப்பாயின்ட்மென்ட் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

கோபாலசாமிக்கு அறுபத்தொரு வயது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியவர். கிரீன் கார்டில் அமெரிக்கா வந்த பிறகும் ஒரு மெஷின் ஷாப்பில் ஆறு வருஷம் நின்றார். கூட வேலை பார்த்தவர்கள் ரேஞ்சுக்கு அழைத்துப்போய்ச் சுடப் பழக்கினார்கள். ஒரு பிஸ்டல், ஒரு ரைஃபிள் வாங்கினார். காகிதத்தைத் தவிர வேறெதையும் அவர் சுட்டதில்லை. உயிர்ப்பாவம் எதுவும் இல்லை என்பதால் தனபாக்கியமும் முருகனிடம் முறையிடாமல் இருந்தாள். இப்போது, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து போட்டுத் தோட்டா செய்ய அவருக்கு ஒரு பிரஸ் வேண்டும். பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் அது ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும்.

வெள்ளைத் தாடி வைத்த கடைக்காரர் இரண்டு பிரஸ்களைக் காட்டினார். எதுவானாலும் இரண்டு துப்பாக்கிக்கும் ஆகும் என்றார். கவின் தமிழில் சொன்னான். முதலாவது பெரியது. அடியில் ஒரு தட்டு சுழலும். கூடுகள் சுற்றிவர, மருந்து தானாக விழும். கைப்பிடியை ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் ஒரு தோட்டா வந்து விழும். மற்றது சின்னது. ஓர் இழுப்புக்கு ஒரு வேலைதான். ஐம்பது கூட்டுக்கும் ஒரு வேலையை முடித்து, டை என்கிற அச்சை மாற்றி, அடுத்த வேலைக்குப் போக வேண்டும். மருந்தையும் கையால் அளந்து, ஐம்பது குழி வைத்த பலகையில் நிற்கிற கூடுகளில் ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும்.

கோபாலசாமி பெரியதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பம்ப் கம்பெனியில் புது மிஷின் வந்திறங்கிய நாளில் எப்படி நின்றாரோ அப்படியே நின்றார்.

"கவினு, மருந்து ஒரு கூட்டுல ரெண்டு தரம் உழுந்துட்டா என்னாகும்னு கேளு" என்றாள் தனபாக்கியம்.

கடைக்காரர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். ரைஃபிள் கூடு ஓர் அளவிலேயே நிறைந்துவிடும். இரண்டாவது அளவு வெளியே வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். பிஸ்டல் கூட்டில் ஓர் அளவு பாதிக்கும் கீழேதான் நிற்கும். இரண்டு அளவு விழுந்தாலும் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

"சின்ன மிஷினே போதுமுங்க" என்றாள் உடனே.

"பாருடா! அஞ்சாங்கிளாஸ் இஞ்சினியரம்மா தீர்ப்பு சொல்லீட்டாங்க" என்றார் கோபாலசாமி. "ஏம்புள்ள, நான் ஓட்டாத மிஷினா?"

"ஆருங்க இல்லைன்னாங்க? நமக்கென்ன ஆர்டரா வந்து குமியுது? அதான் ரெண்டு துப்பாக்கிக்கும் ஆகுதுன்னு சொல்றாரில்லீங்க."

கடைக்காரரும், இரண்டு விதத் தோட்டாவும் செய்யப் பழகுகிறவருக்குச் சின்னதே நல்லது என்றார். கோபாலசாமி முனகிக்கொண்டே சம்மதித்தார். பெரிய மிஷினில் கூடு சுற்றிக்கொண்டே போய்விடும். சின்னதில் ஐம்பது கூடும் வாயைத் திறந்துகொண்டு பலகையில் நிற்கும். குனிந்து பார்க்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கராஜில் மேசை போட்டு பிரஸ்ஸை முடுக்கினார்கள். முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அவர் மருந்து ஊற்றி முடித்ததும் அவள் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முருகா. "எத்தனை முருகன்டி ஒரு தோட்டாவுக்கு?" என்று கேலி செய்வார். ஆனாலும் தடுக்கவில்லை.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கேற்றினாள். மணி அடித்து, "விளக்கு வெச்சாச்சுங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டு வழக்கம் அது. எந்த வேலை கையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வந்து, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அன்றும் வந்தார். திருநீறு பூசி, இரண்டு வாய் சுண்டல் சாப்பிட்டுவிட்டு கராஜுக்குத் திரும்பினார்.

பிறகு அவள் பிஸ்டல் கூடுகளுக்குள் டார்ச்சடித்தபோது, முதல் வரிசை முழுக்க மருந்து மேலே நின்றது. மற்ற வரிசைகளில் கீழே இருந்தது. கூப்பிட்டது அவள்தானே? ஊற்றியது மறந்துபோய், திரும்பி வந்தவர் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் ஊத்தல."

"நீங்கதானுங்க..."

"ஊத்தலங்கறேன்! ஆரோ வந்து தொட்டிருக்காங்க. எந்நேரமும் டார்ச்சத் தூக்கீட்டு வந்து நிப்பியே, நீயே தொட்டிருப்ப!"

முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. கத்திவிட்டு, தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு அவர் அடித்திருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கவினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "டாக்டர் பார்க்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கும்மா. கார் சாவியை வாங்கினதுக்கே ரெண்டு நாள் சாப்பிடல. இதையும் பிடுங்கிட்டா அப்பா உடைஞ்சு போயிடுவாரும்மா. அதுவரைக்கும் நீ பார்த்துக்கோ."

எதைப் பார்த்துக்கொள்வது? சாமியிடம் கேட்டாள். சாமி எப்போதும் போலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வெள்ளி அவரைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தாள். விளக்கைப் பூப்போல ஏற்றினாள். மணியைத் தொடவே இல்லை. தன் வீட்டில் தானே திருடுகிற மாதிரி சூடத்தைக் காட்டினாள். திரும்பினால், கோபாலசாமி பின்னால் கைகட்டி நிற்கிறார். சூட வாசனை கராஜ் வரை போயிருக்கிறது.

"ஏம்புள்ள, கூப்பிட மறந்துட்டியா?" என்று சிரித்தார். "வயசாகுதுடி உனக்கு."

கண்ணை மூடி நின்றார். அந்த முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

"சுண்டல் அடுப்புல இருக்குதுங்க. சித்த உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவள் கராஜுக்கு ஓடினாள். பலகையில் ஏறக்குறைய முப்பது கூட்டில் மருந்து நின்றது. ஒவ்வொன்றாக எடுத்து மருந்தை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினாள். எல்லாம் காலியாக இருந்தால், அவர் முதலிலிருந்து தொடங்கினாலும் எதிலும் இரண்டு தரம் விழாது. காலிக் கூடுகளை மறுபடி வரிசையாக நிறுத்தினாள். கடைசிக் கூட்டை வைக்கும்போது அவர் உள்ளே வந்துவிட்டார்.

பலகையைப் பார்த்தார். குனிந்து ஒரு கூட்டுக்குள் பார்த்தார். நெற்றியில் திருநீறு உதிர்ந்துகொண்டிருந்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா, தனம்?"

தெரிந்து ஒரு பொய்யும் சொல்லாமல் இத்தனை வருஷம் காலம் தள்ளியவள் அவள். அதுவும் வெள்ளிக்கிழமை, கையில் சூட வாசனை போகுமுன்னே.

"இல்லீங்க" என்றாள். "இப்பத்தானுங்க உக்காரப் போறீங்க."

ஒரு கேள்வி கேட்பார் என்று பயந்தாள். கேட்டால் நல்லது என்றும் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் கூட்டுக்கு மருந்தை அளக்கத் தொடங்கினார்.