இருபது மிசினும் ஒரு கோல்டு ரூமும்

எங்கள் தொழிலில் மிசினுக்கு ஒரு வருட வாரண்டி உண்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூப்பிட்டபோதெல்லாம் ஓடிப்போய் நிற்கிறவளின் நெஞ்சுக்கு ஒரு நாள் வாரண்டிகூடக் கிடையாது.

சர்வீஸ் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே! நீங்கள் ஃப்ரிட்ஜ் பார்ப்பவராக இருக்கலாம், ஜெராக்ஸ் மிசின் பார்ப்பவராக இருக்கலாம். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நான் பார்ப்பது குடோன்களில் கையில் வைத்துக்கொள்ளும் மிசின். தடித்த செல்போன் மாதிரி இருக்கும். பெட்டி மேல் இருக்கும் பார்கோடைப் படித்துக் கணக்கில் ஏற்றும். பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு பேசினால் குடோனில் இருக்கும் மற்ற எல்லா மிசினுக்கும் கேட்கும். வேலை முடிந்ததும் சார்ஜர் ஸ்டாண்டில் வரிசையாக உட்கார வைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுக்குள் எத்தனை அதிர்ச்சி இருக்க முடியும் என்று நானும்தான் நினைத்தேன்.

போன வருடம் திருமங்கலம் ரோட்டில் ஒரு குளிர் குடோனுக்கு இருபது மிசின் கொடுத்தோம். ஐஸ்கிரீம், பட்டாணி, மீன் எல்லாம் வைக்கிற இடம். ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் நான் மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த ஒரு மாதத்தை எப்படித் தாண்டினேன் என்று கேளுங்கள்.

டயருக்கு அடியில்

முதல் நாள் பாடம் எடுத்தேன். மேனேஜர் சண்முகவேல் சார் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி, சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. திரையிலும் ஸ்கேன் கண்ணாடியிலும் எதுவும் படக் கூடாது என்றேன். மிசினைத் திருப்பி, அடியில் வரிசையாக மின்னும் தங்க நிறப் புள்ளிகளைக் காட்டி, "இதோட உயிரே இங்கதான் இருக்கு. இது ஸ்டாண்டுல சரியா உக்காந்தாத்தான் சார்ஜ் ஏறும்" என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போனதால் இரண்டு தடவை சொன்னேன்.

அப்புறம் எல்லோருக்கும் பிடித்த கட்டம். மிசினைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டேன். கூட்டம் "ஐயோ" என்றது. எடுத்துக் காட்டினேன், கீறல்கூட இல்லை. கைதட்டினார்கள். மேனேஜர் மட்டும் தட்டவில்லை. மிசினைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார், வாசலில் நின்ற பத்துச் சக்கர லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லாரி கிளம்பப் போகுது. டயருக்கு அடியில வச்சும் ஒருக்கா பாத்துருவமா?"

மாரிச்செல்வி கேட்டது

மேனேஜருக்குப் பேசும் வசதி பிடிக்கவில்லை. "வேலை நேரத்துல ஊர்க்கதை பேசுவாங்கெ. அதை எடுத்துட்டு ஸ்கேனை மட்டும் குடுங்க" என்றார். மாதம் முடியட்டும் சார் என்று கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்தேன்.

வெளியே வந்தபோது மாரிச்செல்வி என்ற பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். முப்பது வயது இருக்கும். மைனஸ் இருபது டிகிரி இருக்கும் கோல்டு ரூமில் பெட்டி எடுப்பது அவள் வேலை. பெரும்பாலும் தனியாகத்தான் உள்ளே போவாளாம். சுவர் அவ்வளவு தடிமன். உள்ளே செல்போன் சிக்னல் கிடையாது, தட்டினாலும் வெளியே கேட்காது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. போன கோடையில் அந்தக் குமிழில் ஐஸ் பிடித்து, அவள் அரை மணி நேரம் உள்ளேயே நின்றிருக்கிறாள். யாரோ தற்செயலாகப் பட்டாணி எடுக்க வந்து திறந்திருக்கிறார்கள். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். மிசினில் எத்தனை பெட்டி ஏறும், எவ்வளவு வேகம் என்றெல்லாம் அவள் விசாரிக்கவில்லை. "அக்கா, நான் உள்ள இருந்து கூப்பிட்டா வெளிய ஒரு ஆளுக்காச்சும் கேக்குமா? எனக்கு அம்புட்டுதான் வேணும்."

ஸ்கேனுக்காகக் கோல்டு ரூமுக்குள்ளும் வைஃபை போட்டிருந்தோம், அந்தத் தைரியத்தில் கேட்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இந்த இருபது மிசினையும் இங்கே நிறுத்தாமல் விடக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு வந்தது.

கொசு பேட்

ஐந்தாம் நாள் போன் வந்தது. பத்து மிசினில் சார்ஜ் இல்லை. நேற்று வரைக்கும் நல்லாத்தான் ஓடியதாம். பசுமலையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். அந்தப் பத்தும் உட்காரும் ஸ்டாண்டைப் பிரித்தேன், வயரைச் சோதித்தேன், ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் மேஜைக்குக் கீழே குனிந்தால், ஸ்டாண்டின் பிளக் தரையில் கிடக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் கொசு அடிக்கும் பேட் ஒன்று சிவப்பு விளக்கு எரிய ஜம்மென்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

வாட்ச்மேன் முத்தையா அண்ணன் துளியும் அசரவில்லை. அவர் ராத்திரி முழுக்க வாசலில் உட்காருகிறவர். கொசு யாரைக் கடிக்கும் என்று உனக்குத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார். "மிசினு இருவது வச்சிருக்கீக. பேட்டு ஒண்ணுதானம்மா இருக்கு?"

டீ பாய்லர்

அடுத்த அதிர்ச்சி பேட்டரியால் வந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அதற்காகவே கோல்டு ரூம் ஆட்களுக்குக் கூடுதலாக ஒரு பேட்டரி கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் டீ குடிக்கலாம் என்று கேண்டீன் பக்கம் போனேன். கொதிக்கிற பாய்லர் மூடியின் மேல் மூன்று பேட்டரிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பெட்டி அடுக்கைத் தூக்கும் ஃபோர்க் லிஃப்ட் வண்டி ஓட்டும் காதர் பாய் பக்கத்தில் நின்று, அவற்றைப் பதமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். துணியால் பிடித்து மூன்றையும் மண் தொட்டியில் வைத்தேன். வெடித்திருந்தால் பாய்லரும் இல்லை, பாயும் இல்லை, நானும் இல்லை. படபடப்பு அடங்கியதும் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: தீயில் காட்டக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, இரண்டாவது பேட்டரியை ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் போதும், உங்கள் உடம்புச் சூடே அதற்குத் தாராளம். மாரிச்செல்வி அப்போதே தன் பேட்டரியை எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். காதர் பாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை. "கொஞ்சம் சூடு காட்டுனா எந்திரிச்சிரும்னு பாத்தேன் மேடம். குளுருல கெடந்து வந்த புள்ளைக்கு டீ குடுக்கமாட்டமா?"

கட்டை விரல்

மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து என் பெரிய ஆபீசர் கூப்பிட்டார். இருபது மிசினும் நிற்குமா, நிற்காதா? நான் ஸ்டாண்டு பக்கத்தில் நின்று, இடது கையில் செல்போனும் வலது கையில் குடோன் மிசினுமாகப் புலம்பித் தீர்த்தேன். "ஆளுங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு சார். அந்த மேனேஜர்தான் சரியான கல்லுளிமங்கன். அசையவே மாட்டேங்கிறார். சிரிச்சா பல்லு கொட்டிரும்னு நினைக்கிறார் போல."

குடோனில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் ஃபோர்க் லிஃப்ட் நின்றுவிட்டது. பெட்டி தூக்கியவர்கள் தூக்கியபடியே என்னைப் பார்க்கிறார்கள். குனிந்து பார்த்தேன். என் வலது கட்டை விரல் பேசும் பொத்தானின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. விரலை எடுத்ததும் மிசின் கரகரத்தது. "கல்லுளிமங்கன் பேசுறேன். மேடத்துக்கு டீ சொல்லவா, காப்பி சொல்லவா?"

பூசைக்கு மறுநாள் காலை

அதற்குப் பிறகு அவரிடம் நான் என்ன பேச முடியும்? மாதக் கடைசியில் முடிவைச் சொல்லிவிட்டார். பேச்சை எடுத்துவிட்டு வெறும் ஸ்கேன் மட்டும் என்றால் சரி, இல்லையென்றால் ஆயுத பூஜை லீவு முடிந்ததும் இருபதையும் எடுத்துக்கொண்டு போகலாம். பேச்சு இல்லாத மிசினைக் கொடுத்துவிட்டு மாரிச்செல்வி முகத்தில் எப்படி விழிப்பது என்று லீவு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

லீவு முடிந்த அன்று காலை ஏழு மணிக்கே மேனேஜர் போனில் கத்தினார். "பத்தொம்பது மிசினு செத்துக் கெடக்கு. ஐஸ்கிரீம் லாரி வாசல்ல நிக்கிது. ஒண்ணே ஒண்ணுதான் ஓடுது, அதை வச்சுத்தான் லோடு எடுத்துட்டிருக்கோம். வந்து மூட்டையக் கட்டுங்க." பாடம் எடுக்க நான் தனியாக வைத்திருந்த மிசினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இனி கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மூட்டை கட்டத்தான் போனேன்.

குடோன் கேட்டுக்குள் ஸ்கூட்டரை விட்டதும், என் பையிலிருந்த மிசின் குடோன் வைஃபையைப் பிடித்துக்கொண்டது. உடனே பைக்குள்ளிருந்து ஒரு குரல். "…மாரி பேசுறேன். கதவு தெறக்க மாட்டேங்குது. யாராச்சும் இருக்கீகளா? மாரி பேசுறேன்…"

ஒரு நொடி எனக்கு எதுவும் விளங்கவில்லை. அப்புறம்தான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. ஓடிய அந்த ஒரு மிசின் மாரிச்செல்வியுடையது. ஸ்வெட்டருக்குள்ளேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோன பேட்டரியை அதில் மாட்டியிருக்கிறாள். அது ஓடுகிறது என்பதற்காகவே அவளைத் தனியாக உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். அவள் பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். கேட்க வேண்டிய பத்தொன்பதும் ஸ்டாண்டில் பிணமாக உட்கார்ந்திருக்கின்றன. மேனேஜரும் ஆட்களும் அந்த ஸ்டாண்டைச் சுற்றி நின்று யார் மேல் தப்பு என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கத்திய கத்தலில் எல்லோரும் ஓடினார்கள். வெளியே கதவின் பிடியையும் ஐஸ் கவ்வியிருந்தது. காதர் பாய் இரும்புக் கம்பியால் நாலு போடு போட்டதும்தான் அசைந்தது. மாரிச்செல்வி தானே நடந்து வெளியே வந்தாள். இமை முடியெல்லாம் வெள்ளை, உதடு நீலம், கையில் மிசின் இறுகிப்போயிருந்தது. கால் மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். மேனேஜர் தன் சால்வையை உருவி அவள் மேல் போர்த்தினார். அவள் என்னைப் பார்த்து, "ஒரு ஆளுக்குக் கேட்டாப் போதும்னு சொன்னேன்லக்கா. ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேட்டிருக்கு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், பல் கிட்டியது. நான் அழுதுவிட்டேன்.

மேனேஜர் அந்தக் கதவின் பிடியைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "இருவதும் இங்கனயே இருக்கட்டும். பேச்சும் இருக்கட்டும்" என்றார். அந்தக் கதவைச் சரிபார்க்க அப்போதே ஆள் வரச் சொன்னார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு துளிகூட வரவில்லை. பத்தொன்பதும் ஏன் செத்தன? கொசு பேட் இல்லை, பிளக் ஒழுங்காக இருக்கிறது, ஸ்டாண்டில் கரண்ட் இருக்கிறது. ஒரு மிசினை உருவித் திருப்பினேன். அடியில் தங்கப் புள்ளிகளைக் காணோம். அந்த இடத்தில் குழைத்துப் பூசிய சந்தனம் காய்ந்து கட்டியாகியிருக்கிறது, அதன் நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. அடுத்ததைத் திருப்பினேன், பொட்டு. அதற்கடுத்தது, பொட்டு. ஒன்றுகூடக் கோணவில்லை. யாரோ இருபதுக்கும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

"யாரு சார் இப்படி வச்சது?" என்று கேட்டேன். மேனேஜர் கையைக் கட்டவில்லை, இரண்டு கையும் சும்மா தொங்கின. அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். "நான்தாம்மா. கண்ணாடியில படக் கூடாதுன்னீங்க, படாமத்தான் வச்சேன். உயிரு அடியிலதான் இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னீங்க. உயிரு இருக்குற எடத்துலதானம்மா பொட்டு வைக்கணும்?"

இப்போதெல்லாம் எந்தக் குடோனுக்குப் போனாலும், மிசினின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை நான் வாயே திறந்து சொல்வதில்லை, பொட்டு எங்கே வைக்கலாம் என்பதை மட்டும் முதல் நாளே தொட்டுக் காட்டிவிடுகிறேன்.