கணவரை அழைக்க ஒரு கையெழுத்து

நான் பிராங்பேர்ட்டில் முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்த கணவரை இங்கே அழைக்க என் சம்பளம் மட்டும் போதாது என்றார்கள். குடும்ப நண்பர் சிவா அண்ணை தானும் சேர்ந்து பொறுப்பு நிற்பதாகச் சொன்னார். "வெறும் கையெழுத்துத்தான் அண்ணை" என்று சொல்லித்தான் அவரை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி, "இதன் பொருள் உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணையைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "தெரியும்" என்றேன். அவரோ அண்ணையைப் பார்த்தே நிதானமாக விளக்கினார். என் கணவர் அரச உதவிப் பணம் பெற நேர்ந்தால், ஐந்து வருடங்களுக்கு அந்தச் செலவை அண்ணையிடம் கேட்பார்களாம்.

அண்ணை பேனாவை மேசையில் வைத்தார். "தங்கச்சி, வீட்டில ஒருக்கால் கதைச்சிட்டு வாறன்."

எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். மாலையில் அவருடைய மனைவி ரதி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பேப்பரைக் கொண்டு வாங்கோ. முழுக்க வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர்கள் வீட்டில் வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"உங்கட மனுசனுக்கு இஞ்ச வேலை கிடைக்காட்டி?" என்று அக்கா கேட்டார்.

"நான் கூடுதலா வேலை செய்வன் அக்கா. ஆனா உறுதியாச் சொல்ல ஏலாது."

அக்கா சற்று யோசித்தார். "இப்பதான் உண்மையைச் சொல்லுறீங்கள். அலுவலகத்தில அடுத்த டெர்மின் எடுங்கோ, அந்த நாளுக்கு நானும் வாறன்."

அந்த நாளில் அக்கா பக்கத்தில் இருக்க, அண்ணை கையெழுத்திட்டார். கணவர் இப்போது என்னுடன் இருக்கிறார், ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார். இப்போதெல்லாம் யாராவது ஜெர்மன் பத்திரம் ஒன்றைத் தமிழில் வாசித்துச் சொல்லக் கேட்டால், கையெழுத்திடுபவரையும் அவர் வீட்டாரையும் ஒன்றாக உட்கார வைத்த பிறகுதான் முதல் வரியைத் தொடங்குகிறேன்.