ஏவ்ரில் அத்தை ஏலத்துக்கு விட்ட கார்

அத்தையின் கணவர் டெஸ்மண்ட் மாமாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலமே ராட்னி வந்துவிட்டார். கையில் அவர் மனைவி சுட்ட ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. இங்கிலாந்தில் எங்கள் ஊரான அபிங்டனில் பழைய கார்ச் சங்கத்தின் தலைவர் அவர்.

"அவசரப்பட்டு வண்டியை ஏலத்துல விட்டுடாதீங்க, ஏவ்ரில்."

"சாப்பாடே இன்னும் சூடா இருக்கு. அதுக்குள்ள காரா?"

ஏவ்ரில் என் அப்பாவின் அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். மாமா அந்த 1958 எம்.ஜி.ஏ. காரைப் பிரித்து மாட்டிய காலமெல்லாம் கொட்டகைக் குளிரில் விளக்கைப் பிடித்து நின்றவர். போர்ச்சுகல் போகச் சேர்த்த பணமெல்லாம் கம்பிச் சக்கரங்களாக மாறியது. சங்கத்தின் கோடை ஊர்வலங்களில் ஆண்கள் ஓட்டுவார்கள். அத்தை கூடாரத்தில் சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவுவார். ஒருமுறை ஓட்டக் கேட்டதற்கு, "கிளட்ச் தேஞ்சிடும் அம்மணி" என்று சிரித்தவர் இதே ராட்னி.

"நாங்களே பதினாலாயிரம் பவுண்டு தர்றோம். வெளிய சொல்ல வேண்டாம்."

"போன வருஷம் ஏலத்துல ஒண்ணு இருபத்திரெண்டுக்குப் போச்சே?"

"அது சிவப்பு."

அத்தை பாத்திரத்தை அவர் கையிலேயே திணித்துக் கதவைச் சாத்தினார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான், படித்தது பொருளாதாரம். ஆனாலும் ராட்னியின் பயத்தை அத்தைதான் முதலில் பிடித்தார். கடைசியாக ஏலத்தில் ஒன்று என்ன விலைக்குப் போனதோ, அதுதான் ஊரிலுள்ள எல்லா எம்.ஜி.ஏ. கார்களின் விலை. சின்ன வயதில் இந்தக் காருக்கு ஏங்கியவர்கள் ஒவ்வொருவராகச் சாக, விதவைகள் விற்கிறார்கள். சங்கம் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. குறைந்த விலை வெளியே தெரிவதில்லை. ராட்னியிடம் அப்படி மூன்று கார்கள்.

"அடிமாட்டு விலைக்குப் போகணும்டா. அவனோட மூணும் மண்ணாப் போகணும்."

"நஷ்டம் உனக்குத்தானே அத்தை?"

"இத்தனை வருஷம் லாபமா பாத்தேன்?"

நான் படித்த எந்தப் பாடத்தில் இந்தக் கணக்கு இருந்தது?

குறைந்தபட்ச விலை எதுவும் வைக்காமல், பிப்ரவரி மழையில், ஆள் அதிகம் வராத ஏலத்துக்கு விட்டார். பத்தாயிரம். பதினொன்று. அமைதி. ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கியதும் ராட்னியின் கை உயர்ந்தது. எதிர்ப்பக்கம் சங்கத்தின் பொருளாளர் கிளைவின் கை. வேறு யாரும் கேட்கவில்லை. இருவரும் மாற்றி மாற்றி இருபத்துமூன்றாயிரம் வரை ஏற்றினார்கள். சுத்தியல் விழுந்தது.

ராட்னி சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா? டெஸ்மண்ட் வண்டி கௌரவமா போச்சு."

அத்தையின் கழுத்து சிவந்தது. "எனக்குன்னா பதினாலு, உன் மூணைக் காப்பாத்த இருபத்திமூணா?"

"மெதுவா... ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்!" பள்ளிக்கூடச் சமையலறையில் பழகிய குரல் அது, கூரை வரை போனது. "எல்லாரும் கேட்டுக்குங்க. ஒருத்தன் சங்கத் தலைவன், ஒருத்தன் பொருளாளன். ஏத்தினது ரெண்டு பேரும் சேர்ந்து. வேற ஒரு ஆள் பதினொண்ணுக்கு மேல கேக்கல!"

கிளைவ் கையிலிருந்த எண் அட்டையை மடிக்குள் இறக்கிக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பழைய கார் வியாபாரி, தன் ஏலக் கையேட்டில் எழுதியிருந்த இருபத்துமூன்றை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்.