அண்ணன் மாற்றிய கியர் ஆயில்

திருமங்கலத்து ஒர்க்‌ஷாப்பில், வேனுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் கியர்பாக்ஸின் அடியிலிருந்த தகரத் தட்டைக் கழற்றி வெளியே தள்ளினார். எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது. அடியில் வெள்ளிப் பொடிபோல இரும்புத் துகள். ஃபில்டர் முழுக்க அடைத்துப்போயிருந்தது. அண்ணன் அந்தத் துகளை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைக்காமலே நின்றார்.

படுக்கையும் அடுப்பும் பொருத்திய பழைய வேன் அது, ஆட்டோமேட்டிக் கியர். மதினிக்காகவே அண்ணன் வாங்கியது. முதுகெலும்புக்குப் புற்றுநோய் பரவியபின் மதினியால் சற்று நேரம்கூட உட்கார முடியவில்லை. பள்ளியில் பூகோளம் நடத்தியவர். வருஷா வருஷம் கரும்பலகையில் தனுஷ்கோடியை வரைந்தவர், அங்கே ஒருதடவைகூடப் போனதில்லை. படுக்கவைத்தே அழைத்துப் போய்விடலாம் என்று அண்ணன் நினைத்தார். ஆனால் கியர் மாறும்போதெல்லாம் வேன் குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் மதினி பல்லைக் கடித்துக்கொண்டார்.

தட்டைக் கழற்றுவதற்கு முன்பே மெக்கானிக் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "அண்ணே, ஆயிலு மாத்துனா சில வண்டி நல்லா ஓடும். உள்ள தேஞ்சிருந்தா அத்தோட நின்னாலும் நின்னுரும். மாத்தாட்டியும் அம்புட்டு நாள் தாங்காது." அண்ணன் திருநகர் வீட்டுக்கு வந்து மதினியிடம்தான் கேட்டார். மாற்றிவிடச் சொன்னது மதினிதான். இந்தக் குலுக்கலோடு தன்னால் போக முடியாது என்றார்.

மாற்றியபின் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திருநகர்த் தெருக்களில் ஓட்டிப் பார்த்தபோது, கியர் மாறுவதே தெரியவில்லை என்று மதினி படுத்தபடி சிரித்தார். அந்த வாரமே, தங்கை நானும் சேர்ந்து, மூவரும் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். திருப்புவனம் தாண்டியதும் இன்ஜின் இரைந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. அண்ணன் கியரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு இறங்கினார். மெக்கானிக்கிடம் போனில் கத்தினார். பிறகு இழுவை வண்டிக்கு, ஆம்புலன்ஸுக்கு என்று மாறி மாறிப் பேசிக்கொண்டே சாலையோரம் நடந்தார்.

மதினி என்னிடம் பின்கதவைத் திறக்கச் சொன்னார். தென்னந்தோப்புக்கு நடுவே காலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தவர், தலையை லேசாகத் தூக்கி அண்ணனை அழைத்தார். "ஏங்க, காத்து நல்லாருக்கு. வந்து செத்த நேரம் பக்கத்துல உக்காருங்களேன்." அண்ணன் இந்தா வாரேன் என்று கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

கியர்பாக்ஸுக்கு உதிரி பாகம் வந்து சேருமுன் மதினி போய்விட்டார். வேன் பிறகு சரியாகிவிட்டது. அண்ணன் தவறாமல் ஆயில் மாற்றுகிறார், துடைத்து வைக்கிறார், எங்கும் எடுத்துப் போவதில்லை. ஆயிலை மாற்றியதை நினைத்துத்தான் புழுங்குகிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். போன வாரம் பொறுக்காமல் சொன்னேன், அந்த இரும்புத் துகள் அன்றைக்கு வந்ததல்ல, மாற்றாவிட்டாலும் வண்டி வழியில் நின்றிருக்கும் என்று.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது தெரியும் தாயி. அவ கூப்புட்டா. நான் போன்ல இருந்தேன்."