புகைக்குழாயின் நான்கு ஸ்பிரிங்குகள்

“குழாய் வேலைக்காரன் பிள்ள பிளேன்ல கை வைக்கப் போவுதாக்கும்! மேல போயி சொட்டிச்சுன்னா எங்க பிள்ளே வாளி வைப்ப?”

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்துக்கு அப்பாலிருந்த ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வெல்டர் அண்ணாச்சி கேட்டது இது. எங்களைப் போல அவரும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், அப்பாவைத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக் டிப்ளமோவை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்திருந்தேன்.

ஷெட், ஓய்வுபெற்ற மலையாளிப் பொறியாளர் ஒருவருடையது. எங்களுக்கு அவர் சார். இருவர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் வாங்கியிருந்தது பழைய கார் ஒன்றின் ரோட்டரி என்ஜின். அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று சுழலும். புகையின் சூட்டில் குழாய் சிவந்துவிடும். என்ஜின் ரப்பர் மீது உட்கார்ந்து தன் போக்கில் அதிரும், சைலன்சரோ விமானத்தின் உடலோடு சேர்ந்து நிற்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் அசையும் இணைப்பு வேண்டும். பந்து போன்ற ஒரு வாய், கிண்ணம் போன்ற இன்னொரு வாய்க்குள் உட்காரும். இரண்டு போல்ட்டுகள், அவற்றின் மேல் ஸ்பிரிங்குகள். எங்கள் என்ஜினுக்கு அப்படி இரண்டு இணைப்புகள்.

“முழுக்க இறுக்கண்டா. ஸ்பிரிங்கோட சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே ஓர் ஆணி போற இடம் வேணும், கேட்டோ?” என்று சார் சொல்லித்தான் கொடுத்தார்.

தரையிலேயே என்ஜினை ஓட்டிப் பார்த்த முதல் ஓட்டம் முடிந்ததும், இணைப்பைச் சுற்றிப் புகை கசிந்து கரி படிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா கட்டடங்களில் குழாய் பொருத்துகிறவர். பொருத்தி முடித்தால் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள் அது காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது; செய்தித்தாள் அவருக்கு அதற்குத்தான். கசிவு என்பது எங்கள் வீட்டில் அவமானம். யாரிடமும் கேட்காமல் நான்கு நட்டுகளையும் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்வரை இறுக்கினேன். அடுத்த ஓட்டத்தில் கரி இல்லை. அன்று பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன்.

மூன்றாவது ஓட்டத்தில் என்ஜினை ஒட்டிய வெல்டிங் ஓரமாகக் குழாய் பிளந்தது.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டார். கழற்றிய ஸ்பிரிங்குகள் தட்டில் சாதுவாகக் கிடந்தன. நான் இறுக்கியதற்கு அடையாளம் எதுவுமே இல்லை.

சார் பிளவை விரலால் தடவினார். “வெல்டிங் மோசம். நாளைக்கு வேற ஆளப் பார்க்கலாம்.”

அண்ணாச்சி கையுறையைக் கழற்றி மடித்தார். அவர் என்னை முதல் நாள் கேலி செய்ததும் அப்போது ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்தால் என்ஜின் வேலை என்னிடமே இருக்கும். அவருக்கு வேலை போகும்.

“சார், நான்தான் முழுக்க இறுக்கினேன். ஆணி போகல. அசைய இடமில்லாம அதிர்வையெல்லாம் குழாயே வாங்கியிருக்கு. வெல்டிங் மேல தப்பில்ல.”

சார் தட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பெட்ரோல் லைன் அதுக்குப் பக்கத்துலதான், கண்டதல்லே? மேலே போய் பொட்டித் தீ பிடிச்சிருந்தா ஞானும் இல்ல, பிளேனும் இல்ல. மோளே, இனி நீ சிறகுல துணி ஒட்டு. என்ஜினைத் தொடண்டாம்.”

வெளியே குழாயடியில் அண்ணாச்சி முணுமுணுத்தார். “வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா பிள்ளே. எனக்கு வேற ஷெட்டு கிடைக்காதா?”

சிறகில் துணி ஒட்டினேன். ஒட்டும்போது யோசனை ஒன்றுதான். நான் மட்டுமா கசிவைப் பார்த்தால் இறுக்குவேன்? நாளை இந்த விமானத்தைப் பழுது பார்க்க வருகிற எவனும் இறுக்குவான். சொல்லிக் கொடுத்தது கைக்கு மறந்துபோகும். இறுக்கவே முடியாதபடி செய்துவிட்டால்?

மதியச் சாப்பாட்டு நேரங்களில் எஃகுக் குழல் ஒன்றை நான்கு துண்டுகளாக அறுத்து, ஒரே உயரத்துக்கு அராவினேன். போல்ட்டின் மேல் குழல், குழலைச் சுற்றி ஸ்பிரிங். நட்டு குழலில் முட்டி நின்றுவிடும். சுருள்களுக்கு நடுவே ஆணி போகிற இடம் மிஞ்சும். சார் நான்கையும் அளந்து பார்த்தார். ஒன்றைத் திருப்பித் தந்து, “இது ஒரு முடியளவு குட்டை” என்றார். அதை வீசிவிட்டு வேறொன்று செய்தேன்.

இன்று காலை, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான்கையும் மாட்டி, கைக்கு இருக்கிற பலமெல்லாம் போட்டு நட்டுகளை இறுக்கினேன். குழாயைப் பிடித்து ஆட்டினேன், அசைந்தது. என்ஜினைக் கிளப்பலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.