க்வென்டா அத்தை லீவில் இருக்கிறாள்

கோட்டைக் கழற்றுவதற்கு முன் க்வென்டா அத்தை பல்பைக் கழற்றுவாள். வாடகைக்கு எடுத்த பண்ணை வீட்டின் சமையலறையில் நாற்காலி போட்டு ஏறி, அங்கிருக்கும் மங்கல் பல்பைத் திருகி எடுத்துவிட்டு, கைப்பையில் துணி சுற்றிக் கொண்டுவந்த சொந்த பல்பை மாட்டுவாள். அது எரிந்த பிறகுதான் மற்றவர்கள் காரிலிருந்து பெட்டிகளை இறக்கலாம்.

“அந்த வெளிச்சத்துல உருளைக்கிழங்கு எது, என் விரல் எதுன்னு தெரியாது.”

“விரல் வறுவலும் நல்லாத்தான் இருக்கும்க்கா” என்பார் என் அப்பா க்ளைவ். அத்தையின் ஒரே தம்பி, வயது ஐம்பத்தெட்டு.

“வாயை மூடிட்டு நாற்காலியைப் பிடிடா.”

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தொடங்கி ஆறு நாள், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மலைச்சரிவில் மிஸஸ் பியூவின் பண்ணையில் இந்த வீடு. பத்தொன்பது வருடமாக இதே வீடு, இதே வாரம். ஏற்பாடு முழுக்க அத்தையுடையது. யாருக்கு எந்த அறை, யார் விறகு கொண்டுவருவது, எந்த வெந்நீர்ப் பை யாருடையது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டப்படும். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் நடக்கப் போக வேண்டும். நாலு மணிக்கு இருட்டிவிடும் என்பதால் இரண்டரைக்கே கிளப்பிவிடுவாள். ஒவ்வொரு வேலிப்படியைத் தாண்டும்போதும் நின்று, கையுறை போட்ட விரலால் தலைகளை எண்ணுவாள். ஒருமுறை ஒரு செம்மறியாட்டையும் சேர்த்து எண்ணிவிட்டு, கணக்கு சரி என்று மேலே நடந்தாள். அப்பா பின்னால் சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு வேலை வுல்வர்ஹாம்ப்டன் பேருந்து நிலையத்தில். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைச் சீட்டுக் கட்டி வைத்திருந்து, தேடிவருகிறவர்களிடம் திருப்பித் தரும் கவுண்டரில் இருபத்தாறு வருடம். குடைகள், பல்செட்டுகள், ஒருமுறை உயிருள்ள ஆமை. “பொருள் எங்கயும் போறதில்ல. இந்த ஆளுங்களுக்குத் தேடத் தெரியல” என்பது அவள் அடிக்கடி சொல்வது. சீட்டுக் கட்டும் பழக்கம் விடுமுறையிலும் போகாது. வாசற்கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ரப்பர் பூட்ஸ் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பழுப்புச் சீட்டு தொங்கும். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்தக் குளிர்காலத்தில் நான் திரும்பியபோது என் பூட்ஸும் வரிசையில் இருந்தது. சீட்டில் என் பெயருக்குக் கீழே ‘உரியவர் வரவில்லை’ என்று மூன்று முறை, தேதியோடு எழுதியிருந்தாள்.

யாரை வழியனுப்பினாலும், கடைக்குப் போகிறவர்களானாலும்கூட, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவாள். பேருந்தைப் பின்னால் எடுக்கச் சொல்கிற மாதிரி இருக்கும். கார் வளைவில் மறையும்வரை கை இறங்காது.

அந்த வாரத்தின் முக்கியமான வேலை ஜிக்சா புதிர். ஆயிரம் துண்டு. மிஸஸ் பியூவின் அலமாரியில் பழைய பெட்டிகள் ஏராளமாக உண்டு. அத்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூடியில் உள்ள படத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று அதைக் குளிர்பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஓரத்துத் துண்டுகள் வறுவல் தட்டில், ஆகாயம் கேக் அச்சுகளில். இந்த விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு பழக்கம். வருடா வருடம் ஒரு துண்டைத் திருடி ஒளித்து வைத்துக்கொள்வார், கடைசித் துண்டைத் தன் கையால் பொருத்துவதற்காக. கடைசி இரவில் அத்தை அவரை நிற்க வைத்து, “பையைக் காலி பண்ணுடா திருட்டுப் பயலே” என்பாள். அவர் ஒவ்வொரு பையாகக் கவிழ்ப்பார், எல்லோரும் கைதட்டுவோம்.

ஒரு வருடம் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து புதிர் பாதியில் நின்றுபோனது. மிஸஸ் பியூ அதைப் பலகையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். அடுத்த வருடம் வந்து முடித்தோம். அதிலிருந்து, இந்த வீட்டில் தொடங்கியதை இந்த வீட்டில்தான் முடிக்க வேண்டும் என்பது குடும்பச் சட்டம்.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் மதியம், விருந்தில் இழுத்து வெடிக்கும் பட்டாசுக் குழலிலிருந்து வந்த காகிதக் கிரீடம் தலையில் இருக்க, அத்தை மகள் டாம்சின் பேச்சை எடுத்தாள். அடுத்த வருடம் டெனரீஃப் தீவுக்குப் போகலாம். அங்கே டிசம்பரிலும் வெயில்.

“ஒரே ஒரு தடவைம்மா. கையில்லாத சட்டை போட்டுட்டு கிறிஸ்துமஸ் கொண்டாடணும். உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“நான் வெயில்ல என்னடி பண்ணப் போறேன், பழுக்கவா?”

டாம்சினின் கணவன் ரோரி கைப்பேசியில் படங்கள் காட்டினான். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பால்கனி, பிடித்த நேரத்தில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அப்பா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, வெயில் நல்லதுதான் என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. “இவ எப்படியும் அதுக்குள்ள எங்கயாவது ஓடிடுவா” என்று டாம்சினே சொல்லிவிட்டாள்.

அத்தை எல்லாப் படங்களையும் பார்த்தாள். “மேஜை எங்க?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “போங்களேன், யாரு வேணாம்னா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மறுநாளுக்கான குட்டி முட்டைக்கோஸ்களின் அடியில் ஒவ்வொன்றாகச் சிலுவைக்கீறல் போட ஆரம்பித்தாள். அவளுடைய வீட்டில் மேஜைக்கு இரண்டே நாற்காலி. ஒன்றில் தையல் கூடை உட்கார்ந்திருக்கும். இங்கே பன்னிரண்டு பேர் உட்காரலாம்.

அடுத்த வருடம் இதே வாரத்துக்கு பிரிஸ்டலிலிருந்து வேறொரு குடும்பம் கேட்டுக்கொண்டிருப்பதாக மிஸஸ் பியூ சொல்லியிருந்தார். நாங்கள் கிளம்பும் காலை அவர் சாவியைத் திரும்ப வாங்க வரும்போது ஆமாவா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் அந்தப் பேச்சுதான். விமான நேரம், கடற்கரை, கூட வந்திருக்கும் நாயை அப்போது யாரிடம் விடுவது. அத்தை தன் வேலையைப் பார்த்தாள். மிச்ச வான்கோழியை ரொட்டிக்குள் வைத்து ஊறுகாய் தடவித் தந்தாள். நனைந்த காலுறைகளைக் கணப்பின் மேல் சோடி சேர்த்துக் காயப்போட்டாள்.

கடைசி இரவு புதிரில் ஒரு துறைமுகமும் ஏகப்பட்ட ஆகாயமும் முடிந்திருந்தன. ஆகாயத்தின் நடுவில் ஒரு ஓட்டை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

“பையைக் காலி பண்ணுடா” என்றாள் அத்தை.

ஒரு மிட்டாய், நாயின் கழுத்துப்பட்டை, பட்டாசுக் குழலில் கிடைத்த பிளாஸ்டிக் சீப்பு. கோட்டையும் உதறினார். அதிலும் இல்லை.

“அக்கா, சத்தியமா நான் எடுக்கல.”

“பத்தொன்பது வருஷமா இதையேதான் மாமா சொல்றீங்க” என்றாள் டாம்சின்.

“இல்லடி, நிஜமாவே. உங்க டெனரீஃப் பேச்சுல எடுக்கவே மறந்துபோச்சு.” அவர் சிரிக்காமல் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, என்னமோ மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

கம்பளத்தைப் புரட்டினோம். சோபாவை நகர்த்தினோம். தூசி உறிஞ்சியின் பையைச் செய்தித்தாளில் கொட்டி ரோரி கிளறினான். நாயின் வாயைத் திறந்து பார்த்தோம். அத்தை தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீ வந்து தேடினா ஒரு நிமிஷத்துல கிடைச்சிடும்.”

“நான் லீவுல இருக்கேன்” என்றாள் அத்தை, திரும்பாமலே.

காலையில் புல் முழுக்க உறைபனி. பத்து மணிக்கு மிஸஸ் பியூ வந்தார். மேஜையைப் பார்த்தார்.

“முடியலையா?”

“ஒண்ணே ஒண்ணு” என்றார் அப்பா.

“வீட்டுக்குள்ளதானே இருக்கும்? வசந்தத்துல கம்பளத்தை உதறுறப்ப கிடைக்கும். இதைக் கட்டிலுக்கு அடியில வெச்சுடட்டுமா, இல்ல கலைச்சுப் பெட்டியில போட்டுடட்டுமா? பிரிஸ்டல்காரங்களுக்கு நான் இன்னைக்கே போன் பண்ணணும்.”

அத்தை நாற்காலியில் ஏறித் தன் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டாம்சின் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். ரோரியைப் பார்த்தாள். ரோரி தோளைக் குலுக்கினான்.

“கலைக்க வேணாம்” என்றார் அப்பா. “இவ்வளவு பெரிய ஆகாயத்தைப் போட்டுட்டு, ஓட்டையோட விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது.”

“சரி விடுங்க மாமா” என்று டாம்சின் சிரித்துவிட்டாள். “டெனரீஃப் எங்கயும் ஓடிடாது. கட்டிலுக்கு அடியில வைங்க மிஸஸ் பியூ. நாங்க வர்றோம்.”

“கிடைக்கும்” என்றாள் அத்தை நாற்காலியிலிருந்து. அவ்வளவுதான் சொன்னாள்.

எப்போதும் அவள்தான் கடைசியாகக் கிளம்புவாள், எல்லாக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு. அவள் டாம்சின் காரில் வருவாள். நானும் அப்பாவும் எங்கள் காரில் ஏறிக்கொண்டோம். அப்பா காரைச் சரிவில் இறக்கினார். நான் பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். அத்தை வேலிக்கதவருகே நின்றிருந்தாள். இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, கார் வளைவில் திரும்பும்வரை ஆட்டினாள். வலது கை கார்டிகன் பைக்குள் எதையோ பொத்தி மூடியபடியே இருந்தது.